உறையுள் தானம்



தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது உத்தமபாளையம். அவ்வூரை ஒட்டிய பாறையில் நம் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அங்குண்டு. ஆயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த அத்திருவுருவங்களுள், பார்சுவநாதர் திருமுடிமேல் நாகம் படம் விரித்திருக்கும் கோலத்தையும் காணலாம்.

அவ்வரலாறு நம் பிள்ளைகளும் அறிந்ததே. பகவான் தவத்தில் நின்றபோது, முற்பிறவிப் பகை கொண்ட கமடன் புயலையும் பெருமழையையும் ஏவினான். தரணேந்திரன் விரைந்து வந்து தன் படத்தைக் குடையாகப் பிடித்தான். அவன் மாளிகை எழுப்பவில்லை. மழை ஓயும்வரை நின்றான். அதுவே போதுமானதாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசித் திங்களில், நாம் குடும்பத்தோடு அத்திருவுருவங்களை வணங்கச் சென்றோம். திரும்பும் வழியில் அடைமழை பிடித்துக்கொண்டது. பூட்டியிருந்த கடையொன்றின் தகரக் கூரையடியில் ஒதுங்கினோம். அங்கே ஒரு மூதாட்டி சாக்கு விரித்து, குளிரில் ஒடுங்கிப் படுத்திருந்தார். வீடற்ற அவருக்கு அவ்விடமே இருப்பிடம். நம்மைக் கண்டதும் எழுந்து, சாக்கைச் சுருட்டிக்கொண்டு, "உள்ள தள்ளி வாங்கம்மா, சாரல் அடிக்குதுல்ல" என்றார்.

அச்சொல் நம் நெஞ்சைச் சுட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, கார்த்திகை மழையிரவொன்றில், நம் வீட்டு வாயிலில் முதியவர் ஒருவர் ஒதுங்க இடம் கேட்டார். முன்பின் அறியாதவர் என்று அஞ்சி, கம்பிக்கதவைத் திறவாமலே உள்ளே சென்றுவிட்டோம். அவர் எங்குச் சென்றாரோ, இன்றளவும் அறியோம். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குப் பல்லாண்டுகள் அறம் கற்பித்த நாம், அப்பாடத்தை அந்தத் தகரக் கூரையடியில்தான் கற்றோம்.

துறவியர்க்கு இல்லறத்தார் அளிக்க வேண்டியவற்றுள் உணவு, மருந்து, உபகரணம் ஆகியவற்றோடு உறையுளையும் சேர்த்து, இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் உரைத்துள்ளார் சமந்தபத்திர ஆசாரியர். "அது துறவியர்க்குத்தானே?" எனச் சிலர் வினவலாம். துன்புறுவோர் எவராயினும், தகுதி நோக்காது இரங்கி அளிப்பதற்குக் கருணைதானம் என்று நம் முன்னோர் தனிப் பெயரே வைத்துள்ளனர்.

பெருநகரங்களில் இலட்சம் பேருக்கு ஒரு காப்பகமேனும் வீடற்றோர்க்கு அமைக்க வேண்டுமென 2010-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தேனி, போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய எந்நகரும் இலட்சத்தை எட்டவில்லை. அந்த அளவுகோலுக்கு எட்டாத ஊர்களிலும் மழை பெய்யத்தான் செய்கிறது. நம்மவர் வாழும் ஊர்கள் பெரும்பாலும் அவற்றினும் சிறியவை.

அயலாரை வீட்டினுள் அழைக்க அஞ்சுவது இயல்பே. ஆயினும், ஜினாலயத்தை ஒட்டிய மண்டபத்தையோ தாழ்வாரத்தையோ அடைமழைக் காலத்தில் திறந்து வைக்கலாம் அன்றோ? பொழுது சாயுமுன் சூடான கஞ்சி, உலர்ந்த பாய், ஒரு போர்வை ஆகியன போதும். இளைஞர் இருவர் முறைவைத்துத் துணையிருக்கட்டும். சித்திரை வெயிலில் அவ்விடமே நிழலும் நீரும் தரட்டும்.

தரணேந்திரன் ஒரு மழைக்கு நின்றான். நாமும் ஒரு மழைக்கேனும் நிற்போம்.

அறம் வளர்க!