வழியில் செல்லும் கல்

கோயிலுக்கென வெட்டியெடுக்கப்பட்ட கருங்கல், மலையை விட்டு நீங்கிக் கருவறையைச் சேரும் வரை எத்தகைய பொருளாகக் கருதப்பட வேண்டும் என்பது ஆகம நெறியில் எழும் கடினமான வினாக்களுள் ஒன்று. சிற்பி செதுக்கி முடித்த படிமமும் உடனே தெய்வமாகிவிடுவதில்லை. நீரில் கிடத்தும் சலாதிவாசம், நெல் முதலியவற்றில் கிடத்தும் தானியாதிவாசம், கண் திறக்கும் நயனோன்மீலனம் ஆகியவை முடிந்து, உயிர்ப்பேற்றும் சடங்காகிய பிராணப் பிரதிட்டை நிகழ்ந்த பின்னரே அது வழிபாட்டுக்குரிய மூர்த்தியாகிறது. அவ்வாறாயின், சாலையில் செல்லும் கல் வெறும் சரக்குதானா?

வந்தவாசிக்கு அருகிலுள்ள கொரக்கோட்டையிலிருந்து பெங்களூரு ஈஜிபுராவுக்கு, கோதண்டராமர் சிலைக்கென 2018 இறுதியில் புறப்பட்ட 300 டன்னுக்கு மேற்பட்ட ஒற்றைக்கல், இவ்வினாவைத் தெருவுக்கே கொண்டுவந்தது. 240 சக்கரங்கள் கொண்ட ஊர்தியில் சென்ற அக்கல், டயர்கள் வெடித்தும், பாலங்கள் எடை தாங்காமையால் ஆற்றில் தற்காலிகப் பாதை அமையும் வரை காத்திருந்தும், 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் பெங்களூருவை அடைந்தது. வழியெங்கும் மக்கள் கற்பூரம் ஏற்றி வணங்கினர். குறுகிய தெருக்களில் அதற்கு வழிவிடக் கட்டடங்களின் முன்பகுதிகள் இடிக்கப்பட்டன. சடங்கு நிகழாத கல்லை வணங்கியது பிழையாகாது, ஏனெனில் பக்தி, ஆகப்போவதை முன்கூட்டியே காண்பது. ஆனால் அதே கல்லைக் காட்டி ஒருவரது வீட்டுச் சுவரை விட்டுக்கொடுக்கக் கேட்கும் உரிமை, அந்தப் பக்தியிலிருந்து பிறப்பதன்று.

தமிழ் மரபு கல்லின் பயணத்தைச் சடங்கிற்கு வெளியே வைக்கவில்லை. நடுகல் அமைப்பதற்குத் தொல்காப்பியம் கூறும் துறைகளில், தக்க கல்லைக் காணும் காட்சியும், அதனைக் கொள்ளும் கால்கோளும், நீராட்டும் நீர்ப்படையும் நடுதலுக்கு முன்னரே வருகின்றன. கண்ணகிக்குரிய இமயக் கல்லைச் சேரன் செங்குட்டுவன் வடநாட்டு மன்னர்களான கனக விசயரின் தலையில் ஏற்றி வந்ததைச் சொல்லும் சிலப்பதிகாரம், தோற்றவரைச் சிறைப்படுத்தியதைச் சோழரும் பாண்டியரும் இகழ்ந்ததையும், பின்னர் கனக விசயர் விடுவிக்கப்பட்டதையும் மறைக்காமல் சொல்கிறது. கல்லின் பாரம் யார் தலையில் இறங்கியது என்ற கேள்வியைக் காப்பியமே எழுப்பிவிட்டது.

இன்றைய நடைமுறையிலும் இக்கேள்வி மாறவில்லை. பெரும்பாரச் சரக்கை ஏற்றி வருபவரின் பொறுப்பு, தனியே பேசி முடித்தாலன்றி, பொதுவாக வாசலோடு நின்றுவிடும். தெருவின் அகலம், பாலத்தின் தாங்குதிறன், இறக்குவதற்கான கிரேன் ஆகியவற்றைப் பெறுபவரே முன்கூட்டி உறுதி செய்தாக வேண்டும். உறுப்புச் சிதைந்த படிமம் பின்னமானது, அதாவது வழிபாட்டுக்கு ஆகாதது என்று நூல்கள் விலக்குவதால், பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடுவதற்கு முன் படிமம் வந்த பெட்டியைத் திறந்து பார்ப்பதும் இங்கே வணிக எச்சரிக்கை மட்டுமன்று. ஆகவே திருப்பணிக்குப் பொருள் தந்து பொறுப்பேற்கும் எசமானர், கல்லுக்கு அச்சாரம் கொடுப்பதற்கு முன்பே அது வரும் வழி முழுவதையும் நடந்து பார்த்து, அங்கே குடியிருப்போரின் இசைவைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.