மனச்சிதைவுற்றோரும் மனித மதிப்பும்

அறிவு தடுமாறியவரிடம் பேசிப் பயன் உண்டோ என வினவுவோர் பலர். அவ்வெண்ணத்தின் விளைவை நாம் அறிவோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தீயினின்று தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் தொகை 28. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்தது. ஆயினும் சங்கிலி நீங்கியதும் நம் கடமை முடிந்து விடுமோ?

மருந்தோடு சேர்த்து அளிக்கப்படும் பயிற்சிகள் இருவகை. ஒன்று நடத்தையைத் திருத்துவது. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து அன்னா மருத்துவமனையில் 1960களில் அயில்லோன், அஸ்ரின் என்னும் இருவர், வேலை செய்த நோயாளருக்கு வில்லைகள் வழங்கினர். வில்லை கொடுத்தால் படுக்கைக்கு மறைப்புத் திரையும் வெளியே உலாவ விடுப்பும் கிட்டும். செயலற்றுக் கிடந்தோர் பலர் எழுந்து உழைத்தனர். பயன் மெய்யே. ஆனால் மறைவும் உலாவும் மனிதர்க்குரிய உரிமைகள் அல்லவோ? உரிமையைக் கூலியாக்குதல் முறையாகுமோ? 1972இல் அலபாமா வழக்கில் தீர்ப்புரைத்த நீதிமன்றம், மறைவும் மதிப்பும் நோயாளரின் உரிமை என்றே வகுத்தது.

மற்றொன்று எண்ணத்தை ஆராய்வது. அரசின் ஒற்றர் தம்மைத் தொடர்வதாக நம்பிய ஒருவருக்குத் தாம் அளித்த சிகிச்சையை ஆரன் பெக் என்னும் மருத்துவர் 1952இல் வெளியிட்டார். அவர் நோயாளரை மறுத்து வாதிடவில்லை. ஐயுறப்பட்டவரின் நடத்தையை நோயாளரே கூர்ந்து நோக்கி முடிவு காணத் துணை நின்றார். இன்று பிரிட்டன் மருத்துவ நெறிமுறை, குறைந்தது 16 அமர்வுகள் இவ்வாறு தனித்து உரையாடுமாறு கூறுகிறது. இது நோயை வேரறுக்கும் மந்திரம் அன்று, பயன் அளவானதே. மருந்தை நிறுத்தவும் இது இடந்தராது.

எனினும் இதன் அறம் பெரிது. ஆலையில் இழை அறுந்தால் முடிச்சிட்டு ஓட்டுவோமேயன்றி எந்திரத்தை உடைப்பதில்லை. நோயாளரிடத்தும் ஆராயும் ஆற்றல் எஞ்சியிருக்கிறது. ஆகவே, நம் இல்லத்தில் ஒருவர் குரல் கேட்பதாகச் சொன்னால் "பொய்" என்று அதட்டவும் வேண்டா. "மெய்" என்று தலையாட்டவும் வேண்டா. "எப்போது கேட்டது? அப்போது மனம் எவ்வாறு இருந்தது?" என்று அமைதியாகக் கேட்போம், மருத்துவரிடம் உடன் செல்வோம். குரல் மெய்யோ அன்றோ, அவர் படும் துயரம் மெய். அதனைச் செவிமடுத்தலே நம் முதற்கடன்.