ஏப்பமும் வானத்தைக் காட்டும் விரலும்

பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய காலத்தில் ஒரு கேள்வி என்னை விடாமல் குடைந்தது. பந்தை வேலிக்கு அப்பால் அடித்தவன் சிலுவை அடையாளம் போட்டு வானத்தைக் காட்டுகிறான். அந்தப் பந்தை எறிந்தவனும் எறிமேட்டில் ஏறும்போது அதே அடையாளத்தைப் போட்டுக்கொண்டவன்தான். யார் மனு ஏற்கப்பட்டது? ரசிகர்கள் இதைச் சண்டையாகப் பேசிக் கலைந்துவிடுவார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. பழைய வழக்கப்படி குரு, சீடன் என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். சீடன் என் ஐயம். குரு, நான் ஆசைப்பட்ட தெளிவு. சீடனுக்குப் பேச நான் அதிக இடம் கொடுக்கவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சீடன்: ஐயா, 2015 அக்டோபர் 14 அன்று டொராண்டோவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஊர்ப் புளூ ஜேஸ் அணிக்கும் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கும் ஐந்தாவது ஆட்டம். தோற்றவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஏழாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் ஹோசே பவுதிஸ்தா மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். அடித்தவர் உடனே ஓடவில்லை. நின்றார், முறைத்தார், மட்டையைத் தூக்கி வீசினார். திமிர் என்றார்கள். ஆனால் பாஸ்டன் அணியின் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்துவிட்டு ஹோம் பிளேட்டை மிதித்ததும் இரு கை விரல்களையும் வானத்துக்கு நீட்டுவார். அதைப் பக்தி என்றார்கள். இரண்டும் ஒன்றுதானே? ‘பார், நான் அடித்தேன்’ என்பதை ஒருவர் மட்டையால் சொன்னார், மற்றவர் விரலால் சொன்னார்.

குரு: கல்யாணப் பந்தியில் ஏப்பம் விடுகிறவனைப் பார்த்திருக்கிறாயா?

சீடன்: ஐயா, நான் பேஸ்பாலைப் பற்றிக் கேட்டேன்.

குரு: நானும் அதைப் பற்றித்தான் சொல்கிறேன். ஏப்பத்தில் மூன்று வகை உண்டு. வயிறு நிறைந்ததும் தானாக வருவது ஒன்று. நிறையாமலே, நிறைந்ததுபோல் காட்ட வரவழைப்பது ஒன்று. இன்னும் இலை கிடைக்காமல் எதிரே நிற்பவனின் முகத்துக்கு நேராக விடுவது ஒன்று. மூன்றுக்கும் சத்தம் ஒன்றே. சத்தத்தை வைத்து வகை சொல்ல முடியாது; எத்தனை நாள் பட்டினி, எதிரே யார் என்று தெரியவேண்டும். டொராண்டோ அணி 1993-க்குப் பிறகு 22 ஆண்டுகள் அக்டோபரின் இறுதிச்சுற்று ஆட்டங்களையே பார்த்ததில்லை. அன்றைக்கு அதே ஏழாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் என்ன நடந்தது தெரியுமா? டொராண்டோவின் கேட்சர் பந்தைத் தம் பிட்சருக்குத் திருப்பி எறிகிறார். பந்து பேட்டரின் மட்டையில் பட்டு எங்கோ உருள்கிறது. மூன்றாவது பேஸில் நின்ற டெக்சஸின் ரூக்னெட் ஓடோர் ஓடிவந்து ரன் எடுத்துவிடுகிறார். நடுவர்கள் கூடிப் பேசி, செல்லும் என்கிறார்கள். அரங்கத்திலிருந்து புட்டிகள் பறக்கின்றன. அடுத்த பாதியில் டெக்சஸ்காரர்கள் வரிசையாக மூன்று பிழை செய்கிறார்கள். அதற்கும் பிறகுதான் அந்த அடி. அத்தனையும் உள்ளே போன வயிறு சும்மா இருக்குமா?

சீடன்: அப்படியானால் அது தானாக வந்த ஏப்பம் என்கிறீர்கள்.

குரு: அவரும் அப்படித்தான் சொன்னார். அடுத்த மாதமே ஒரு கட்டுரை எழுதினார்: அந்தக் கணத்தின் வேகம், எதிரணியை அவமதிக்கும் எண்ணமில்லை என்று. அவர் பிறந்தது சாந்தோ தொமிங்கோவில். அந்த ஊர்ப் பந்தியில் ஏப்பம் விடாமல் எழுந்தால்தான் சமையல்காரன் முகம் வாடும். கொரியாவில் மட்டை வீச்சுக்கு ‘ப்பாதொன்’ என்று தனிப் பெயரே உண்டு. அங்கே பிட்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் பழைய வீட்டில் மட்டும் வாயைப் பொத்திக்கொள்ளவேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது.

சீடன்: சட்டத்தை மீறினால்?

குரு: அடுத்த முறை பேட்டிங் வரும்போது உடம்பில் பந்து விழும். 2016 மே 15 அன்று டெக்சஸில் பவுதிஸ்தாவுக்கு அதுதான் விழுந்தது. அவர் கோபத்தோடு இரண்டாவது பேஸில் சறுக்கி மோதினார். அங்கே நின்ற ஓடோர் அவர் தாடையில் குத்தினார். அதே ஓடோர்தான். மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் பந்து மரியாதை கற்பிக்கும் கருவி ஆகாது, தம்பி. 1920 ஆகஸ்டில் கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்துபோனார். அது வேண்டுமென்று எறிந்த பந்து என்று நான் சொல்ல வரவில்லை. பந்து அதைச் செய்யக்கூடியது என்று மட்டும் சொல்கிறேன். ஏப்பத்துக்குத் தண்டனையாக ஒருவன் தலையில் உலக்கையைப் போடுகிறவன், பந்தியின் ஒழுங்கைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது.

சீடன்: அந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு, ஐயா. அதே ஆண்டு அக்டோபரில் இரண்டு அணிகளும் மறுபடி மோதின. மூன்றாவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் ஓடோர் தவறாக எறிந்த பந்தில்தான் டொராண்டோ வென்றது; டெக்சஸ் வெளியேறியது. கடவுள் நின்று கொன்றார் என்று…

குரு: போதும். நீ இப்போது சொன்னதுதான் உன் நோய். அதற்கு வருகிறேன். வேறு ஏதாவது சில்லறை ஐயம் இருந்தால் முதலில் கேட்டுவிடு.

சீடன்: கேமரா தம்மேல் இருக்கிறது என்று தெரிந்தே சிலுவை போடுகிறவர்கள்?

குரு: வரவழைத்த ஏப்பம். அடுத்தது.

சீடன்: எல்லா மதத்துக்கும் ஒரே நியாயம் இருக்கிறதா? 2014-இல் அமெரிக்கன் ஃபுட்பாலில் ஹுசைன் அப்துல்லா பந்தைப் பிடித்து எல்லை கடந்ததும் தரையில் நெற்றி வைத்துத் தொழுதார். நடுவர் தண்டனை கொடுத்தார். அதே விளையாட்டில் மண்டியிட்டு ஜெபிக்கும் கிறிஸ்தவருக்குத் தண்டனை கிடையாது.

குரு: நடுவரின் தவறு என்று லீக்கே மறுநாள் ஒப்புக்கொண்டது. அடுத்தது.

சீடன்: அது அவ்வளவு சுலபமாக…

குரு: அடுத்தது.

சீடன்: சரி. என் பழைய கேள்விதான். அடித்தவர் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். கடவுள் அவருக்குக் கொடுத்தார் என்றால் பிட்சரிடமிருந்து பிடுங்கினார் என்றுதானே பொருள்? ஒரே பந்து, ஒரே கடவுள், இரண்டு விண்ணப்பம். நன்றி என்ற சொல்லுக்குள்ளேயே ‘என் பக்கம் சாய்ந்தீரே’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது.

குரு: இப்போது கேள். பந்தியில் உண்டவன் ‘வயிறு நிறைந்தது, மகராசி’ என்று வாழ்த்துகிறான். ‘பக்கத்து இலைக்காரனுக்குப் பாயசம் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டாயே, உனக்கு நன்றி’ என்றா அதற்குப் பொருள்? நன்றி என்பது காரணம் கூறும் வாக்கியம் அல்ல. இன்னின்ன காரணத்தால் இன்னது விளைந்தது என்று சொல்வது தர்க்கம். அதை மறுக்கலாம், சோதிக்கலாம். நன்றி, கை நிறைந்தவன் செய்யும் ஒரு செயல். நீ அதைப் பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, கடவுள் யார் பக்கம் என்று குறுக்கு விசாரணை செய்கிறாய். மேலும், விரல் யாரைக் காட்டுகிறது என்றாவது உனக்குத் தெரியுமா? ஓர்டிஸின் தாய் 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கார் விபத்தில் இறந்தார். அந்த விரல்கள் அவருக்கு. நீயும் நானும் இறையியல் பேசிக்கொண்டிருந்தோம். மகன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் உன் கேள்வியை இத்தோடு விட்டால் தப்பித்ததாகிவிடும். நிறைந்த வயிற்றுக்காரன் நன்றி சொல்வதில் என்ன அதிசயம்? மரியானோ ரிவேராவை எடுத்துக்கொள். பனாமாவின் புவர்த்தோ கைமித்தோ என்ற மீனவக் கிராமத்துக்காரர். நியூயார்க் யாங்கீஸ் அணியின் முன்னிலையைக் கடைசி இன்னிங்ஸில் காப்பதற்கென்றே வந்தவர். 652 ஆட்டங்களை அப்படிக் காத்துக் கொடுத்தவர். 2019-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு வாக்குக்கூடக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் வீரர். அவர் கையுறையில் பிலிப்பியர் 4:13 என்று தைத்திருந்தது. ‘கடவுள் பலத்தால் எல்லாம் முடியும்’ என்ற வெற்றி முழக்கமாக விளையாட்டு வீரர்கள் எடுத்துக்கொள்ளும் வசனம் அது. ஆனால் பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார். முந்தைய வசனத்தில் அவர் பேசுவது என்ன தெரியுமா? வயிறார உண்ணவும் பட்டினி கிடக்கவும் தாம் கற்றுக்கொண்டதைப் பற்றி.

சீடன்: மறுபடியும் வயிறா, ஐயா?

குரு: நான் கொண்டுவரவில்லை, பவுல் கொண்டுவந்தார். 2003 அக்டோபரில் பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். ரிவேரா மூன்று இன்னிங்ஸ் எறிந்து அணியைத் தாங்கிப் பிடித்திருந்தார். பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னில் யாங்கீஸ் வென்றது. அணி முழுதும் பூனைத் தூக்க ஹோம் பிளேட்டுக்கு ஓடியது. ரிவேரா மட்டும் எதிர்த்திசையில் எறிமேட்டுக்கு ஓடி, அங்கே மண்ணில் விழுந்து அழுதார். அது நிறைந்த நாள். இனி பட்டினி நாளைப் பார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2001 நவம்பர் 4, அரிசோனா, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 2-1 என்று முன்னிலை, கையில் பந்து ரிவேராவிடம். அதைவிடப் பத்திரமான இடம் அன்றைக்கு பேஸ்பாலில் கிடையாது. அவரே ஒரு பந்தைத் தவறாக எறிந்தார், ஆட்டம் சமனாயிற்று, லூயிஸ் கொன்சாலஸ் சொத்தையாகத் தூக்கியடித்த ஒரு பந்து உள்வட்டக்காரர்கள் தலைக்குமேல் போய் விழுந்தது. 3-2. தோல்வி.

எட்டு நாள் கழித்து நியூயார்க்கிலிருந்து சாந்தோ தொமிங்கோவுக்குப் புறப்பட்ட 587-ஆம் எண் விமானம் குயின்ஸ் பகுதியில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 260 பேரும், தரையில் 5 பேரும் இறந்தார்கள். யாங்கீஸ் வீரர் என்ரிக்கே வில்சன் அதே விமானத்தில் ஊருக்குப் போவதாக இருந்தவர். வென்றிருந்தால் வெற்றி ஊர்வலம் முடித்து அதில்தான் ஏறியிருப்பார். தோற்றதால் முன்கூட்டியே போய்விட்டார். தோற்றதற்காக மகிழ்கிறேன், என் நண்பன் இருக்கிறான் என்ற பொருளில் பேசினார் ரிவேரா.

சீடன்: ஐயா, பொறுங்கள். இது என் கேள்வியை இன்னும் மோசமாக்குகிறது. ஒரு நண்பன் பிழைத்ததற்கு நன்றி. அந்த 265 பேர்? அவர்களில் சாந்தோ தொமிங்கோவுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாக்கள் இருந்திருப்பார்கள். வில்சனுக்காகத் தொடரையே மாற்றிய கடவுளுக்கு, அவர்களுக்காக ஒரு விமானத்தைத் தாமதப்படுத்தத் தெரியாதா?

குரு: (நெடுநேரம் கழித்து) தெரியாது. கடவுளுக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. இந்த இடத்துக்கு வரும்போது என் ஏப்பக் கதையும் வாயடைத்துப் போகிறது. இலையே போடாத வீட்டில் பந்தி உவமையை எப்படிப் பேச? ஆனால் ஒன்றைக் கவனி. ‘என் நண்பன் இருக்கிறான்’ என்ற வாக்கியம் தன்மையில் இருக்கிறது. அதைப் படர்க்கைக்கு மாற்றி, ‘வில்சனைக் காக்கவே கடவுள் தொடரை மாற்றினார்’ என்று சூத்திரமாக்கியது நீ. தன்மையில் அது கண்ணீர். படர்க்கையில் அது 265 வீடுகளின் முன்னே நின்று விடும் ஏப்பம். ஓடோரின் பிழையில் கடவுள் நின்று கொன்றதாக நீ கண்டாயே, அதுவும் படர்க்கைதான். உன் கணக்கு ஓடோரோடு நின்றது. இந்தக் கணக்கு நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிற்று. நன்றி சொல்கிறவனுக்குத் தன் இலை மட்டும் தெரியும். பந்தி முழுதும் தெரிந்ததுபோல் அவன் பேசத் தொடங்கும்போதுதான்…

சீடன்: அப்படியானால் தன் இலையைப் பார்த்துச் சொல்லும் நன்றியை மனதுக்குள் சொன்னால் போதாதா? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்னவரும் இயேசுதானே? இவர்கள் 50,000 பேர் முன்னால் செய்கிறார்கள்.

குரு: கதவைச் சாத்திக்கொண்டவர் ஒருவர் உண்டு, அவர் கிறிஸ்தவர் அல்ல. 1965 அக்டோபர் 6, உலகத் தொடரின் முதல் ஆட்டம், மினசோட்டா. டாட்ஜர்ஸ் அணியின் மிகச் சிறந்த பிட்சர் சாண்டி கூஃபாக்ஸ் எறியவேண்டிய நாள். அன்று யூதர்களின் யோம் கிப்பூர், பாவமன்னிப்பு நாள். அவர் எறியவில்லை. வானத்தைக் காட்டவில்லை, மண்டியிடவில்லை. எறிமேட்டில் அவர் இல்லை, அவ்வளவுதான். அவருக்குப் பதிலாக எறிந்த டான் டிரைஸ்டேல் 8-2 என்று தோற்றார். மறுநாள் வந்த கூஃபாக்ஸும் தோற்றார். பிறகு ஐந்தாவது ஆட்டத்திலும், இரண்டே நாள் ஓய்வில் எறிந்த ஏழாவது ஆட்டத்திலும் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வென்றார். இந்த வரிசையில் கடவுள் எந்தப் பக்கம் என்று நீ கணக்குப் போடத் தொடங்கினால், முதல் இரண்டு ஆட்டத்திலேயே உன் பேனா உடைந்துவிடும். அன்று விரத நாள். ஏப்பத்துக்கு இடமே இல்லை.

சீடன்: அப்படியே இருக்கட்டும். கடைசியாக ஒன்று. நீங்கள் மூன்று வகை ஏப்பம் சொன்னீர்கள். பந்து எறிந்து அடி வாங்கிய சாம் டைசனுக்கு, பவுதிஸ்தாவின் மட்டை எந்த வகை என்று எப்படித் தெரிந்திருக்கும்?

குரு: தெரியவில்லை. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதற்கு அடுத்துப் பேட்டிங் வந்தவர் எட்வின் என்கர்னாசியோன். கூட்டம் மகிழ்ச்சியில் மைதானத்துக்குள் பொருள்களை எறிந்துகொண்டிருந்தது. ஆட்டம் தொடர வேண்டுமே என்று அவர் இரு கைகளையும் உயர்த்தி, எறியாதீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சினார். டைசன் அதைப் பார்த்தார். கூட்டத்தைத் தூண்டிவிடுகிறான் என்று நினைத்துச் சண்டைக்கு நடந்தார். இரண்டு அணியும் மைதானத்தில் இறங்கிவிட்டது.

சீடன்: அமைதி கேட்ட கை அவருக்குக் கேலியாகத் தெரிந்திருக்கிறது.

குரு: ஆமாம்.

சீடன்: நாம் இவ்வளவு நேரம் இங்கே உட்கார்ந்து, அந்தக் கை என்ன சொன்னது, இந்த விரல் என்ன சொன்னது என்று…

குரு: எழுந்திரு. உள்ளே இலை போட்டாயிற்று.