எந்தத் திகதிக்குப் போவது?

காலத்தில் பின்னோக்கி ஒரேயொரு தடவை போய்வர அனுமதி கிடைத்தால் எந்த இடத்துக்கு, எந்த நாளுக்குப் போவீர்கள்? நமது இலக்கியச் சந்திப்புகள் முடிந்து தேநீர் வருகிற நேரத்தில் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் நபிகளாரின் காலத்து மதீனாவுக்குப் போக ஆசைப்படுவார். இன்னொருவர் கலீபா மஃமூனின் பக்தாதில் மொழிபெயர்ப்பாளர்களின் பக்கத்தில் அமர்ந்திருக்க விரும்புவார். வரலாற்றில் நாட்டமுள்ள நண்பரொருவர் 1626 என்றார். போர்த்துக்கேயர் வெளியேற்றிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாகச் சொல்லப்படும் ஆண்டு அது.

இவையெல்லாம் பார்வையாளனின் ஆசைகள். அங்கே போய் எதையும் மாற்ற வேண்டியதில்லை, கண்ணால் கண்டால் போதும். கேள்வியைச் சற்று இறுக்கி, "மட்டக்களப்பு வாவியைச் சுற்றித்தான் போகலாம், நம் வாழ்நாளுக்குள் ஒரு நாளாக இருக்க வேண்டும், ஓர் எச்சரிக்கை சொல்லிவிட்டு வரலாம்" என்று கேட்டால் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

2004 டிசம்பர் 26 என்று முதலில் சிலர் சொல்வார்கள். அந்தக் காலையில் சுமாத்திராக் கடலடியில் நிலம் நடுங்கியபோது நமது கடிகாரங்களில் ஏழு மணிகூட ஆகியிருக்கவில்லை. அலை கிழக்குக் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் இருந்தது. நாவலடியிலும் காத்தான்குடியிலும் மருதமுனையிலும் ஒருவன் தெருத்தெருவாக ஓடிக் கத்தியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்! இந்தத் திகதியில் நமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. கடல் யாருடைய கட்சியிலும் இருக்கவில்லை.

கடலை விட்டு மனிதரிடம் வந்ததும் திகதிகள் பிரிகின்றன. காத்தான்குடியைச் சேர்ந்தவர் யோசிக்காமலே 1990 ஆகஸ்ட் 3 என்பார். வெள்ளிக்கிழமை இரவு, இஷாத் தொழுகை. மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்ற இரவு. ஏறாவூரார் அதற்கு எட்டு நாள் கழித்து வந்த இரவைச் சொல்வார். வந்தாறுமூலையில் கேட்டால் செப்டெம்பர் 5 என்பார்கள்: கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாயிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோன நாள். அவர்கள் திரும்பி வரவேயில்லை. சத்துருக்கொண்டானில் செப்டெம்பர் 9. அன்று குழந்தைகள், பெண்கள் என்று பாராமல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இராணுவ முகாமொன்றில் கொல்லப்பட்டார்கள். படுவான்கரையில் மகிழடித்தீவுக்காரர் இன்னும் பின்னே போய் 1987 ஜனவரி 28 என்பார். இறால் பண்ணையில் விசேட அதிரடிப் படை சுட்ட நாள் அது. வேறொருவர் 1985 ஏப்ரலில் தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்ட நாட்களுக்கே போக வேண்டும் என்பார்.

ஒரே வாவி. எழுவான்கரையும் படுவான்கரையும் ஒரே தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் நம் ஒவ்வொருவரின் திகதியும் நமது வீட்டு மையித்துகளுக்கு முந்திய நாளில் வந்து நிற்கிறது. அந்த நாளுக்குப் பின் நடந்ததெல்லாம் பதிலடி, அதற்கு முன் நடந்தது கணக்கில் இல்லை. திகதியைத் தெரிவுசெய்கிறவன், கதை எங்கே தொடங்குகிறது என்பதையும் சேர்த்தே தெரிவுசெய்துவிடுகிறான். கதை தொடங்கும் இடம் தீர்மானமானால் குற்றவாளியும் தீர்மானமாகிவிடுகிறான். விளையாட்டுக் கேள்விக்குள் இப்படியொரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

பின்னோக்கிய பயணம் சாத்தியமா என்பதை இயற்பியலாளர்களிடம் விட்டுவிடலாம். ஸ்டீபன் ஹோக்கிங் 2009 ஜூன் 28 அன்று காலப் பயணிகளுக்கென்று ஒரு விருந்து வைத்தார். விருந்து முடிந்த பிறகே அழைப்பிதழை வெளியிட்டார். எதிர்காலத்திலிருந்து வரக்கூடியவருக்கு மட்டுமே அது பயன்படும். ஒருவரும் வரவில்லை.

நமது மரபிலும் காலம் தாண்டியவர்கள் உண்டு. ஸூரத்துல் கஹ்பின் குகைவாசிகள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கி எழுந்தார்கள். பாழடைந்த ஊரைக் கண்டு வியந்த மனிதர் நூறு ஆண்டு மரித்துக் கிடந்து எழுப்பப்பட்டார். இவர்கள் எல்லோரும் முன்னோக்கியே போனவர்கள். இதில் விஞ்ஞானம் தேட நான் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குர்ஆனில் பின்னோக்கிப் போகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். மரணம் வந்த பிறகு, செய்யாமல் விட்ட நன்மைகளைச் செய்யத் தம்மை உலகுக்குத் திருப்பியனுப்பக் கேட்பவர்கள் அவர்கள். அந்த வேண்டுகோள் மறுக்கப்படுகிறது. அப்படித் திருப்பியனுப்பினாலும் தடுக்கப்பட்டதையே மறுபடி செய்வார்கள் என்ற கருத்து ஸூரத்துல் அன்ஆமில் வருகிறது. திகதி மாறினாலும் ஆள் மாறமாட்டான் என்பதே இதில் நான் கற்கும் பாடம்.

'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லிக் கொண்டிருப்பது ஷைத்தானுக்கு வாசல் திறக்கும் என்று நபிகளார் எச்சரித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இதைக் காட்டி, கடந்ததைப் பேசவே கூடாது என்பாரும் உளர். ஆனால் அதே ஹதீஸ் பயன் தருவதில் முயற்சியாயிரு, இயலாதவனாய் உட்கார்ந்துவிடாதே என்றும் ஏவுகிறது. புலம்பலுக்குத்தான் தடை, படிப்பினைக்கு இல்லை.

எச்சரிக்கை சொல்ல ஆளில்லாததால்தான் அழிவு வந்தது என்று நினைப்பதும் சரியில்லை. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் பலியானார்கள். அந்தத் தாக்குதல்களைப் பற்றி இந்திய உளவுத்துறையின் தகவல் ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொழும்புக்கு வந்திருந்தது. தாக்குதல்களின் தலைவன் நமது காத்தான்குடிக்காரன். 2017 மார்ச்சில் அவனது கூட்டத்தார் ஊருக்குள் வாளெடுத்தபோதே ஊர் அவனை அறிந்துகொண்டது, பொலிஸும் அறிந்தது. காலப் பயணி கொண்டுவரக்கூடிய செய்தி ஏற்கெனவே மேசையில் இருந்தது. அதற்குப் பொறுப்பாக நடக்கத்தான் ஆளில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தப் பணித்தது இந்தக் காரணத்துக்காகத்தான்.

அப்படியானால் எனது திகதி எது? நான் 1990 ஆகஸ்ட் 3ஐக் கேட்கமாட்டேன். அந்த இரவுக்குப் போக நம்மில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். சுவரில் இன்னும் வைத்திருக்கிற துப்பாக்கிச் சன்னத்தின் அடையாளங்கள் அந்த இரவை மறக்க விடாது. எனது ஒரேயொரு சீட்டை அதே ஆகஸ்டில், வாவியின் தென்கோடிக்கு அப்பால், சம்மாந்துறைக்கு அருகிலுள்ள வீரமுனைக்கு எடுப்பேன். அங்கே பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். படையினரோடு முஸ்லிம் ஊர்காவற் படையினரும் அதில் சேர்ந்திருந்தார்கள் என்பது தப்பியவர்களின் சாட்சியம்.

இது ஷஹீத்களுக்குச் செய்கிற துரோகமல்லவா என்று ஒரு நண்பர் கோபித்தார். அவருடைய கோபம் நியாயமானது. ஸுஜூதில் கிடந்தவரைச் சுட்டவன் இன்றுவரை நீதிமன்றத்துக்கு வரவில்லை. அந்தக் கணக்கு திறந்தே கிடக்கிறது, திறந்தே கிடக்கவும் வேண்டும். ஆனால் எனது சொல்லை யார் கேட்பார்கள் என்றும் பார்க்க வேண்டும். காத்தான்குடிப் பள்ளிவாசலில் நான் நின்றால் துப்பாக்கிக்கு இன்னொரு மையித்துத்தான் கிடைக்கும். வீரமுனைக்குப் போகிற பாதையில் நான் எனது சொந்த ஆட்களை மறிக்கலாம். அவர்களின் மொழியில், அவர்களின் துக்கத்தை அறிந்தவனாக, "நமது மையித்துகளின் பேரால் இதைச் செய்யாதீர்கள்" என்று சொல்லலாம். அவர்கள் கேட்காமலும் போகலாம். ஆனாலும் தன் சமூகத்துக்கு உள்ளே நின்று ஒருவன் சொல்லக்கூடிய எச்சரிக்கை அது ஒன்றுதான். அதேபோல, அந்த வெள்ளியிரவுக்கு முன்னே புலிகளின் பாதையை மறிக்க மறுபக்கத்திலிருந்து ஒருவர் தமது சீட்டை எடுப்பாராகில் அவரை நான் சகோதரனென்பேன்.

இந்தச் சீட்டு எவருக்கும் கிடைக்கப்போவதில்லை. ஆயினும் கேள்வியை இனி இப்படிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்: உங்கள் திகதியைச் சொல்வதற்கு முன்னர் அடுத்த ஊரின் திகதி ஒன்றைச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 3 நமது பிள்ளைகளுக்கு மனப்பாடம். செப்டெம்பர் 9 என்ன நாள் என்று அவர்களுக்குத் தெரியுமா? அதைத் தெரிந்துகொள்ள இயந்திரம் எதுவும் தேவையில்லை. மட்டக்களப்பு நகரைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறினால் சத்துருக்கொண்டான் நினைவுத்தூபிக்கு முன்னால் இறங்கலாம்.