வாத்தியாரை மாற்றினால் பாவமா?

கி.பி. 383இல் ரோமுக்கு வந்த அகுஸ்தினாருக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. பிற்காலத்தில் திருச்சபையின் பெரும் இறையியலாளராகப் போகிறவர், அப்போது பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்துப் பிழைத்த வாத்தியார். அதுவரை கற்பித்த கார்த்தேஜில் மாணவர்கள் வகுப்புக்குள் புகுந்து ரகளை செய்தார்கள். ரோமில் பிள்ளைகள் அடங்கி இருப்பார்கள் என்று கேள்விப்பட்டுக் கடல் தாண்டி வந்தார். அடங்கித்தான் இருந்தார்கள். ஆனால் கட்டணம் கட்டும் நாள் நெருங்கினால், பலர் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு வேறு வாத்தியாரிடம் மாறிவிடுவது அந்த ஊர் வழக்கம் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

தன் வாழ்க்கையைச் சொல்லும் ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலின் ஐந்தாம் பாகத்தில் இதைச் சொல்லும்போது அகுஸ்தினாருக்குக் கோபம் பொங்குகிறது. பணத்துக்காக நேர்மையை விட்டவர்கள் என்று அந்த மாணவர்களைச் சாடுகிறார். கூடவே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: அவர்கள் செய்த அநியாயத்தைவிட, அதனால் தனக்கு வரவிருந்த நட்டத்தைத்தான் தான் அதிகம் வெறுத்திருக்கக்கூடும் என்று.

அப்படியானால் பாவம் எங்கே இருக்கிறது? வாத்தியாரை விட்டுப் போனதிலா, காசுக்காகப் போனதிலா, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் போனதிலா?

விட்டுப் போவதே பாவம் என்றால் முதல் குற்றவாளி அகுஸ்தினார்தான். நண்பனை வழியனுப்பப் போவதாகத் தாய் மோனிக்காவிடம் பொய் சொல்லிவிட்டு, அவர் கோயிலில் அழுது வேண்டிக்கொண்டிருந்த இரவில் கப்பலேறியவர் அவர். பணம் இல்லாமல் படிப்பு நின்றுபோவது எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பதினாறு வயதில் மதௌரா என்ற ஊரில் படிப்பை நிறுத்திவிட்டு, கார்த்தேஜுக்கு அனுப்பத் தந்தை பணம் திரட்டும்வரை ஓராண்டு வீட்டில் சும்மா இருந்தார். தந்தை இறந்த பிறகு ரொமானியானுஸ் என்ற ஊர்ச் செல்வந்தரின் உதவியில் படிப்பு தொடர்ந்தது.

காசு பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுப்பது அதற்கும் முன்பே கிரேக்கர்களுக்குப் பழகிய சங்கதி. புரோடிக்கஸ் என்ற சோபிஸ்ட், அதாவது காசு வாங்கிக் கற்பித்த அறிஞர், ஒரே பொருளைப் பற்றி ஐம்பது திராக்மாவுக்கு ஒரு பாடமும் ஒரு திராக்மாவுக்கு ஒரு பாடமும் நடத்தினார். கைத்தொழிலாளியின் ஒரு நாள் கூலி ஏறத்தாழ ஒரு திராக்மாவாக இருந்த காலம் அது. தான் ஒரு திராக்மா பாடத்தை மட்டுமே கேட்டதாகச் சாக்ரடீஸ் கேலியாகச் சொல்வதைப் பிளேட்டோ பதிவு செய்திருக்கிறார். ஐம்பது திராக்மா இல்லாததற்காகச் சாக்ரடீஸ் வெட்கப்படவில்லை.

இன்னொரு சோபிஸ்டான புரோட்டகோரஸின் ஏற்பாடு இன்னும் சுவையானது. கேட்ட கட்டணம் அதிகம் என்று மாணவருக்குத் தோன்றினால், கோயிலுக்குப் போய்த் தான் கற்றது எவ்வளவு பெறும் என்று தெய்வத்தின் முன் சத்தியம் செய்து, அந்தத் தொகையைக் கொடுத்தால் போதும். கடனுக்கு அளவுகோல் பெற்றுக்கொண்ட கல்வி, சாட்சி கடவுள். அந்தக் கணக்கைத் தீர்த்தவர் எங்கே போனாலும் குற்றமில்லை. ரோம் மாணவர்கள் தவறியது அந்த ஓரிடத்தில்தான்.

யூத ரபிகளுக்கு இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. மோசே கடவுளிடம் இலவசமாகப் பெற்ற தோராவை, அதாவது வேதச் சட்டத்தை, விலைக்குக் கற்பிக்கலாமா? கூடாது; ஆனால் வேறு தொழிலை விட்டுவிட்டு ஆசிரியர் செலவிடும் நேரத்துக்கு ஈடு கொடுக்கலாம் என்று ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத்தின் மரபு வழி கண்டது. கத்தோலிக்கத் திருச்சபையில் 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், ஏழை மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்க ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியருக்கு வருமானம் ஏற்படுத்தித் தர வேண்டும் என்று விதித்தது. ஆசிரியரின் பிழைப்புக்கு ஒரு வழி செய்தாயிற்று. கற்றதற்கு விலைச்சீட்டு ஒட்டவில்லை. கற்றது மாணவரோடு போகும்.

இன்றைய பல்கலைக்கழகத்தில் அது அவ்வளவு எளிதாகப் போவதில்லை. அமெரிக்காவில் கட்டணம் தாங்காமல் கல்லூரி மாறுகிறவர்கள் ஏராளம். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரியில் மாநிலவாசிக்கு யூனிட் எனும் பாட அலகு ஒன்றுக்கு 46 டாலர்தான் கட்டணம். முதல் இரண்டாண்டை அங்கே முடித்துவிட்டு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது அங்கே சாதாரணம். மாறும்போதுதான் சிக்கல். தேறிய பாடத்தைப் புதிய கல்லூரி ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை. 2004 முதல் 2009 வரை மாறியவர்களை ஆராய்ந்த அரசுத் தணிக்கை அலுவலகம், அவர்கள் தேறிய பாடங்களுக்கான கிரெடிட்டுகளில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்ததாக 2017இல் மதிப்பிட்டது. ஓர் அரசுக் கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போனவர்களுக்கே 37 சதவீதம் போயிற்று.

ரோமில் பாடத்தை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்காமல் போனவர் மாணவர். இங்கே அவர் பணத்தைக் கட்டித் தேர்விலும் தேறிவிட்டார்; படித்ததைப் படித்ததாக ஏற்க நிறுவனம் மறுக்கிறது. அதே பாடத்துக்கு மறுபடி கட்டணம், மறுபடி ஒரு பருவம். கட்டணம் குறைந்த இடம் தேடிப் போனவருக்குச் செலவு கூடுகிறது. ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் இடம் மாறிவிட்டார்கள். இந்த முறை கண்டிக்க ஒரு தனி மனிதரைக்கூடக் காட்ட முடியவில்லை. துறை, பதிவாளர், பாடத்திட்டக் குழு என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே போகிறது.

கலிஃபோர்னியா 2010இல் சட்டம் போட்டு இதில் ஒரு பகுதியைச் சரிசெய்தது. மாறுதலுக்கென்றே வகுத்த 60 யூனிட் பட்டத்தைச் சமுதாயக் கல்லூரியில் முடித்தவருக்கு, கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகக் குடும்பத்தில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. அதே பாடத்துறையைத் தொடர்ந்தால், முடித்ததைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. வேறு மாநிலத்துக்குப் போகிறவருக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது. அவர் பழைய பாடத்திட்டத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக வாதாட வேண்டியிருக்கிறது.