அழகிய அட்டையும் அதன் மறுபுறமும்

விக்டோரியா அரசி காலத்தில், சிறப்பாக 1870 முதல் 1900 வரை, அமெரிக்க வணிகர்கள் வண்ணக் கல்லச்சு விளம்பர அட்டைகளை இலவசமாக வழங்கினர். மக்கள் அவற்றை ஏடுகளில் ஒட்டிக் காத்தனர். இன்று அவற்றைச் சேர்ப்போர் பலர். படத்தை வியப்பதோடு நிற்கலாமா? அட்டை கொடுத்தவன் யாது விற்றான் என்றும் ஆராய வேண்டுமா?

திருமதி வின்ஸ்லோ பெயரால் விற்ற பாகுமருந்தை நோக்குவோம். அட்டையில் தாயும் குழவியும் இன்புற்றிருப்பர். புட்டியிலோ அபினிச் சத்தாகிய மார்பின் இருந்தது. பல் முளைக்கும் குழந்தை அழுகை அடங்கி உறங்கிற்று. சில குழந்தைகள் விழிக்கவேயில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டம், மருந்திலுள்ள மார்பினைப் புட்டியின் மேற்சீட்டில் காட்டக் கட்டளையிட்டது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அம்மருந்தைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் வைத்துக் கண்டித்தது.

“மாண்ட வணிகனின் குற்றத்தைக் கிளறுவானேன்? அழகு அழகுதானே!” என்பர் சிலர். அன்பர்காள், அவ்வழகன்றோ தாயை நம்பச் செய்தது! படம் நிலைத்தது, அக்குழந்தைகளின் பெயர்கள் நிலைக்கவில்லை. அட்டையிலுள்ள முகவரியைப் பழைய நகர விலாசப் புத்தகங்களிலும் செய்தித்தாள்களிலும் தேடுவோர், நேர்மையாக நூலும் சவர்க்காரமும் விற்றவனுக்கு அவன் நற்பெயரை மீட்டுத் தருகின்றனர். நஞ்சு விற்றவனுக்கு அவன் பழியைச் சேர்க்கின்றனர். இரண்டும் நீதியே. அட்டையைக் கிழிக்க வேண்டா, மறுபுறத்தையும் படிப்போமாக.