வழியா, வழிபாடா?

“ஏந்தம்பி, பழனிக்குக் காவடி எடுத்து நடந்தா மூடத்தனம்னு சொல்றீங்க. நீங்க மண்டபத்துக்கு மிதிச்சுட்டுப் போனா மட்டும் அது பகுத்தறிவுங்களா?”

அன்னூர்க் கடைவீதியில், தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். கேட்கப்பட்டோர் நம் இளைஞர் அறுவர். தோட்டத் தொழிலாளராய் இலங்கைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட தமிழர் நடந்த வழியில், அன்னூரிலிருந்து தாராபுரம், மதுரை கடந்து மண்டபம் வரை மிதிவண்டியில் சென்றுவரத் திட்டமிட்டவர்கள். மறுமொழி வரவில்லை அவர்களுக்கு, நம்மிடம் வந்தனர். பெரியவரின் கேள்வி ஏளனமல்ல. எடைபோட வேண்டிய கேள்வி. சிரித்து ஒதுக்குவது எளிது. ஆனால் சிந்திக்கச் சொல்லி ஊரை அழைத்தவர்கள் நாம். நம்மை நோக்கிக் கேள்வி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா?

முதலில், அந்த வழி எத்தகையது என்பதைக் காண்போம். 1820-களில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. காடு வெட்டக் கைகள் வேண்டும். வெள்ளைத் துரை நம் பக்கம் திரும்பினான். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணி காட்டிய முன்பணத்தை நம்பி ஆண்களும் பெண்களும் புறப்பட்டனர். கடற்கரை வரை நடை, கடலில் தோணி, தலைமன்னாரில் இறங்கி மீண்டும் காட்டுவழி நடை, மாத்தளை வரை. வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் வழித்துணையாயின. விழுந்தவர்களை எண்ணி வைத்தவரில்லை. போய்ச் சேர்ந்தவரைத் ‘துண்டு’ என்னும் கடன்சீட்டு கட்டிப்போட்டது. அந்த முறை ஒழிந்தது 1921-இல்தான்.

காப்பி அழிந்தது, தேயிலை வளர்ந்தது, தீவு செழித்தது. செழிக்கச் செய்தவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? 1948-இல் குடியுரிமைப் பறிப்பு! 1964-இல் சிரிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974-இல் பாதிப் பாதியாய்ப் பங்கிட்டனர். ஆட்டுமந்தையைப் பிரிப்பதுபோல மக்களைப் பிரித்தனர். மந்தையிடம் யார் கருத்துக் கேட்பார்? தோட்டத்துக்குச் செல்வோரை நோய்க்கு அஞ்சி நிறுத்தி வைத்த அதே மண்டபம் முகாம்தான், திரும்பி வந்தோருக்கும் முதல் நிழல் தந்தது.

பிறநாட்டிலும் இத்தகைய வழி உண்டு. அமெரிக்காவில் மார்மன் என்னும் சமயத்தார் துரத்தப்பட்டு, 1846-இல் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரை விட்டு மேற்கே புறப்பட்டனர். ஏறத்தாழ 1,300 மைல் கடந்து, 1847-இல் அவர்களுள் முதல் கூட்டம் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தது. இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் கைவண்டி இழுத்தும், மிதிவண்டி ஏறியும் அவ்வழியை மீண்டும் கடக்கின்றனர். 1856-இல் கைவண்டிக் கூட்டங்கள் இரண்டு காலந்தாழ்ந்து கிளம்பின. அவ்வழியை முன்பே அறிந்த லெவி சாவேஜ் என்பவர், “பனி வரும், முதியோரும் குழந்தைகளும் மடிவர், இப்போது வேண்டாம்” என்று எச்சரித்தார். கடவுள் காப்பார் என்றனர் மற்றவர். அவர் தனித்து நிற்கவில்லை. எச்சரித்தவரே உடன் நடந்தார். பனி வந்தது. ஏறத்தாழ ஆயிரவரில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இன்று அவ்வழியில் கைவண்டி இழுப்பவர், மாண்டவரின் பக்தியை எண்ணிக் கண்ணீர் விடலாம். சாவேஜின் எச்சரிக்கையையும் எண்ணிப் பார்க்கலாம். முன்னது மட்டும் நிகழ்ந்தால் அது வழிபாடு. பின்னதும் நிகழ்ந்தால்தான் அது வரலாறு.

பெரியவருக்கு நாம் தரும் விடையின் முதற்பகுதி இதுவே. காவடி சுமப்பவர் உடல் வருத்தத்தையே காணிக்கையாக்குகிறார். தமக்கென ஒன்று வேண்டுகிறார். ஏன், எதற்கு என்று கேட்பது அங்கே குற்றம். நாமோ வருத்தத்தைப் புனிதமாக்க மறுக்கிறோம். அது நிகழ்ந்திருக்கவே கூடாது என்கிறோம்; யாரால் நிகழ்ந்தது என்று கேட்கிறோம். 2023-இல் மலையகத் தமிழர் தங்கள் இருநூறாண்டு நினைவாக, சூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். வரம் கேட்டா நடந்தனர்? நிலம் கேட்டு, வீடு கேட்டு, சம குடிமக்கள் என்னும் மதிப்புக் கேட்டு நடந்தனர்.

ஆனால், தோழர்களே, பெரியவரின் கேள்வி இன்னும் தீரவில்லை. மாலையோடு புறப்பட்டு, படம் எடுத்துக்கொண்டு, கைதட்டலோடு திரும்பினால், அவர் சொன்னதே சரி. காவடியின் இடத்தில் மிதிவண்டி, அவ்வளவே வேறுபாடு!

இன்னொன்றும் கேட்போம். அந்த வழி எங்கே தொடங்குகிறது? மண்டபத்திலா? இல்லை. நம் ஊர்ச் சேரியில் தொடங்குகிறது. சென்றவருள் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள். பஞ்சம் துரத்தியது உண்மை. ஆனால் பஞ்சம் வருமுன்பே நிலமில்லாமல் செய்தது யார்? பொதுக்கிணற்றை மறுத்தது யார்? பண்ணையத்தில் கட்டி வைத்தது எந்த வெள்ளைக்காரன்? கூட்டிச் சென்ற கங்காணியும் தமிழனே! கடலுக்கு அப்பால் இழைத்த கொடுமைக்குக் கொதிப்பவர், கடலுக்கு இப்பால் இருந்து தள்ளிய கையை மறைக்கலாமா?

“பாட்டன் செய்த தவற்றுக்குப் பேரன் பொறுப்பா?” என்பர். இல்லை, குற்றம் குருதியில் வருவதில்லை. பிறப்பால் இழிவு இல்லை என்று முழங்கும் நாம், பிறப்பால் குற்றம் உண்டு என்று சொல்ல மாட்டோம். ஆனால் தோட்டமும் கிணறும் பேரனுக்கு வந்திருக்கின்றனவே! சொத்தை ஏற்பேன், சொத்தின் மீதுள்ள கடனை ஏற்கமாட்டேன் என்றால், எந்த வழக்குமன்றம் ஒப்பும்?

எனவே இளைஞர்களிடம் நாம் சொன்னது இது: சென்று வாருங்கள். ஆனால் கடைவீதியிலிருந்து கிளம்ப வேண்டாம், சேரியிலிருந்து கிளம்புங்கள். அங்குள்ளோர் சிலரேனும் உங்களோடு வரட்டும். விருந்தினராக அல்ல, வழிகாட்டியாக. வழியில் எந்தத் தேநீர்க்கடையில் இன்னும் குவளை இரண்டாக இருக்கிறதோ, அங்கே இறங்கிக் கேளுங்கள். மண்டபத்தோடு பயணம் முடிந்தது என்று எண்ணவும் வேண்டாம். நம் வடமேற்கே தெரியும் நீலமலையில், தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி ஏறி, அவர்களின் வரிசை வீடுகளைப் பாருங்கள். அவர்கள் கேட்பது என்ன என்று கேட்டு, அதை ஊருக்கு வந்து உரக்கச் சொல்லுங்கள்.

திரும்பியதும் அந்தத் தேநீர்க்கடைக்கே போங்கள். பெரியவர் அருகில் அமர்ந்து, கண்டதைச் சொல்லுங்கள். “எங்கள் கால் வலித்தது, ஐயா, அதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊரின் கணக்கில் ஒரு கடன் இருப்பதைக் கண்டு வந்தோம். தீர்க்க நீங்களும் வருகிறீர்களா?” என்று கேளுங்கள்.

அவர் எழுந்தால், அது வழி. நீங்களே அமர்ந்துவிட்டால், அது வழிபாடு.